கூடவந்திப் பூ

மலையில் பிறந்து வளர்ந்த பெண்ணைக் கடலோரத்துக்குக் கட்டிக்கொண்டு வந்தால் அவளுக்கு என்னவெல்லாம் இல்லாமல் போகும் என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. சோறு இருக்கிறது, துணி இருக்கிறது, ஊருணியில் தண்ணீர் கிடக்கிறது, அப்புறம் என்ன என்றுதான் இருந்தார்கள். என் வயதுக்காரர்களே, நீங்களும் அப்படிப்பட்ட வீடுகளில்தான் வளர்ந்திருப்பீர்கள். வந்த மருமகளிடம் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்கிற வழக்கம் அன்றைக்கு எந்த வீட்டில் இருந்தது?

எங்கள் ஊர் உப்பூருக்கு மேற்கே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கிழக்கே நடந்தால் பனங்காடு, அது முடிந்தால் உவர் நிலம், அப்புறம் கடல். மேற்கே கண்மாயும் வயலும். மழை பெய்தால் நெல், நெல்லை ஒட்டிக் குண்டு மிளகாய். அய்யாவுக்கு மிளகாய்தான் உயிர். அண்ணனுக்கு மட்டும் மண்ணில் கால் தரிக்கவில்லை. கருவாட்டு லாரி ஓட்டினான். கடற்கரையில் கருவாடு ஏற்றிக்கொண்டு போய்ப் பழனி மலைப்பக்கத்துச் சந்தைகளில் இறக்குவான். வரும்போது உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றி வருவான். அப்படிப் போன இடத்தில் ஒரு கிழங்குக் காட்டுக்காரர் மகளைப் பார்த்து, பெரியவர்களைக் கூட்டிப் போய்ப் பேசி, முறைப்படி தாலி கட்டி அழைத்து வந்தான்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். மதினி லாரியின் முன்கதவைத் திறந்துகொண்டு இறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு கையில் தகரப் பெட்டி. தோளில் கறுப்புக் கம்பளி. ஐப்பசி மாதத்துப் புழுக்கம், மழைக்கு முந்திய வெக்கை, காக்காய்கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒருத்தி கம்பளியோடு வந்து இறங்கினால் தெரு சும்மா இருக்குமா? பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மதினிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு அவளைப் பிடித்துப் போனது.

கம்பளியில் விறகுப் புகையும் ஈர மண்ணும் கலந்த ஒரு வாசம் இருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து நான் அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். மழை தொடங்கியதும் ஆத்தா அதை எடுத்து நெல் மூட்டைக்கு மேலே போர்த்திவிட்டாள். பிறகு அது எங்கே போனதென்று தெரியவில்லை.

அண்ணன் லாரியில் போனால் திரும்ப வாரக்கணக்காகும். மதினி எங்களோடு கிடந்தாள். அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் பனங்காட்டைத் தாண்டிக் கடலைக் காட்டக் கூட்டிப் போனேன். ஓடிப்போய்க் காலை நனைப்பாள் என்று நினைத்தேன். மணலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன மதினி, பயமா இருக்கா?"

"பயமில்ல பாப்பா. கண்ணு போய்க்கிட்டே இருக்கு. எங்கயும் முட்ட மாட்டேங்குது."

அதன் பொருள் அன்று எனக்குத் தெரியவில்லை. மலையே பார்க்காதவளுக்கு எப்படித் தெரியும்?

தை மாதம் மிளகாய்க் காட்டில் களையெடுப்பு. ஆத்தா, மதினி, இன்னும் இரண்டு மூன்று பெண்கள் வரிசையாகக் குத்தவைத்துக் களைக்கொட்டால் கொத்திக்கொண்டு போனார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அய்யா பின்னாலேயே பார்வையிட்டு வந்தவர் மதினியின் பாத்தியில் நின்றுவிட்டார். பாத்தி முழுக்கச் சுத்தம். ஆனால் வாய்க்கால் ஓரத்தில் நாலைந்து செடிகள் மட்டும் அப்படியே நின்றன. வெள்ளையாகச் சின்னப் பூக்கள்.

"ஏத்தா, இது என்ன கணக்கு? களைக்குத் தண்ணி பாய்ச்சவா நான் கெணறு வெட்டி வச்சுருக்கேன்?"

மதினி எழுந்து நின்றாள். "இல்ல மாமா... இது எங்க ஊருப் பூவு மாதிரி இருந்துச்சு. அதான் பாத்துட்டுப் பிடுங்கலாம்னு."

அய்யா குனிந்து அத்தனையையும் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டுப் போனார். ஆத்தா மட்டும், "களையில என்னடி உங்க ஊரு, எங்க ஊரு?" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மதினி பின்தங்கி நடந்தாள். வரப்பில் கிடந்ததில் ஒன்று அவள் கொசுவத்தில் இருந்தது. அன்றைக்குத்தான் அந்தப் பூவைப் பற்றி என்னிடம் சொன்னாள்.

அவர்கள் ஊருக்கு மேலே சோலைக்காடு இருக்கிறதாம். மரம் மரத்தோடு முட்டிக்கொண்டு, வெளிச்சம் பாதி இருட்டு பாதியாக இருக்கிற இடம். விறகு பொறுக்கப் போகிற தடத்தின் இரண்டு ஓரமும் இந்தப் பூ நிற்குமாம்.

"முழங்கால் உசரம் வரும் பாப்பா. இலை ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி பல்லு. இலைக்காம்போட ரெண்டு பக்கமும் ரெக்கை கட்டுன மாதிரி பச்சை ஓடும். பூவு இத்துனூண்டு, சட்டைப் பித்தான் கணக்கா. நடுவுல மஞ்ச மொட்டு. சுத்தி வெள்ளை முடி நெருக்கமா. வாடப் போகையில அந்த வெள்ளையில லேசா ஊதா ஏறும்."

"பேரு என்ன?"

"பேரா? எங்கம்மா கூடவந்தின்னு சொல்லும். வேற யாரும் சொல்லிக் கேட்டதில்ல. காட்டுக்குள்ள போய்ட்டு வீடு வந்து பாத்தா அதோட விதை பாவாடை பூரா ஒட்டிக்கிட்டு வந்துருக்கும். மத்தப் பூவு விதைக்கெல்லாம் பஞ்சு இருக்கும், ஊதுனா பறக்கும். இதுக்குப் பஞ்சே கெடையாது. பசைதான்."

கல்யாணமாகிக் கிளம்பும்போது அவள் அம்மா ஒன்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கீழே இறங்கியதே இல்லை, வத்தலக்குண்டுகூடப் பார்த்ததில்லை. உப்பூர் என்றால் அவளுக்கு உலகத்தின் அந்தக் கடைசி. 'அங்க கூடவந்தி மொளைக்குதான்னு பாத்து எனக்குச் சொல்லிவிடு. மொளைச்சா, நீயும் பொழைச்சுக்குவேன்னு நெனச்சுக்கிருவேன்' என்றாளாம்.

அதனால்தான் மதினி அதைத் தேடினாள். விஷயம் அவ்வளவுதான்.

அன்று முதல் நானும் தேட ஆரம்பித்தேன். மழை முடிந்து பூமி குளிர்ந்து கிடந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் வருஷத்தில் இரண்டு மூன்று மாதம்தானே பச்சை தெரியும்! அந்த மாதங்களில் பார்த்த இடமெல்லாம் பூ இருந்தது. நாம் மிதித்து நடந்ததெல்லாம் பூக்கள் என்று அப்போதுதான் கண்டேன்.

முதலில் நான் கொண்டுபோய்க் கொடுத்தது, கட்டைவிரலால் நாமெல்லாம் சுண்டிச் சுண்டித் தலையைத் தெறிக்கவிட்டு விளையாடுவோமே, நெட்டைக் காம்பில் ஒற்றைப் பூவாக நிற்கும் மூக்குத்திப் பூ. மதினி அதைத் திருப்பிப் பார்த்து, வாடிய தலை ஒன்றை ஊதினாள். பஞ்சு பறந்தது. "இது இல்ல." அடுத்தது பனங்காட்டு ஓரத்து ஊதாப் பூ. அதற்குச் சுற்று இதழே இல்லை, அதன் விதையும் பறந்தது. கடற்கரை மணலில் கொடியாக ஓடும் மஞ்சள் பூவைக் கிள்ளினால் பால் வந்தது. "இது பாலுச்செடி. வேற சாதி." ஒவ்வொன்றையும் இல்லை என்று சொல்லும்போதும் அவள் முகம் சுருங்கவில்லை. எது எந்த இடத்தில் வித்தியாசப்படுகிறது என்று விரலால் தொட்டுக் காட்டுவாள். உச்சிவெயிலில் இரண்டு பேரும் கண்மாய்க் கரையில் குனிந்து குனிந்து நடப்போம். அழுகிய தாமரைத் தண்டு வாசம், நீர்க்கோழிச் சத்தம், காலில் அப்பிய களிமண் வெயிலில் காய்ந்து இழுக்கும். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு எத்தனை தடவை வாய்த்தது என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கூடத் தேறாது.

கரையில் ஒருநாள் கரிசலாங்கண்ணி நிறையப் பூத்திருந்தது. மதினி அதைப் பார்த்ததும் அங்கேயே குத்தவைத்துவிட்டாள். வெள்ளைச் சின்னப் பூ. விதையில் பஞ்சு இல்லை. பிறகு இலையைக் கசக்கினாள். சாறு கறுத்தது. விதையை என் பாவாடையில் வைத்துத் தேய்த்தாள். ஒட்டாமல் உதிர்ந்தது.

"கிட்டக்க வந்துருச்சு பாப்பா," என்றாள். "இன்னுங் கொஞ்சந்தான்."

பார்த்த செடிகளில் ஒவ்வொன்றை அவள் தன் பாயடியில் விரித்துக் காயவைத்தாள். அண்ணன் அடுத்த நடை போகும்போது கொடுத்துவிட்டு, எது கிட்டத்தில் வருகிறது என்று அம்மாவையே பார்க்கச் சொல்லலாம் என்பது எண்ணம். பாயடியில் வைத்ததற்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை. மேலே ஆள் படுத்தால் செடி தட்டையாகும், கோழி கிளறாது.

ஊரில் பேச்சு கிளம்பியிருந்தது எங்களுக்குத் தெரியாது. அந்த வீட்டு மருமகள் உச்சி நேரத்தில் தனியாகப் பூண்டு பறிக்கிறாள், புருஷன் வீட்டில் இல்லாதபோது எதையோ காயவைக்கிறாள் என்று ஊருணிக் கரையில் பேசியிருக்கிறார்கள். மலைக்காரிகளுக்கு மருந்து வைக்கத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நமக்கெல்லாம் தெரியுமே அந்தப் பேச்சு. புருஷனை முந்தானையில் முடிந்துகொள்ளச் சோற்றில் கலந்து கொடுக்கிற மருந்து. நம் தலைமுறையில் அதற்குப் பயப்படாத மாமியார் இருந்தாளா?

மாசியில் அண்ணன் வந்தான். வரும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். மதினி போட்ட சோற்றை இரண்டு வாய் தின்றான், வாந்தி எடுத்தான். மறுநாளும் அப்படியே. வயிற்றுக்குள் தீ எரிகிறது என்று சுருண்டு படுத்தான். அவனைப் பாயோடு வெளிக்காற்றுக்கு மாற்றலாம் என்று ஆத்தா பாயைத் தூக்கினாள்.

செடிகள் எல்லாம் தரையில் ஒட்டிக் கிடந்தன. பூவும் இலையும் வேருமாக.

ஆத்தா கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மதினியைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "என் பிள்ளைக்கு எதடி போட்ட?"

"அய்யோ அத்தே, இது பூவு. எங்கம்மாவுக்குக் காட்ட..."

"நாங்கதான் பறிச்சோம் ஆத்தா!" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். "அது கூடவந்தி இருக்கான்னு தேடுனோம். நானும் மதினியும்!"

"என்ன வந்தி?" என்றாள் ஆத்தா. பெயரைக் கேட்டதும் அவள் முகம் இன்னும் வெளுத்தது. அய்யாவைப் பார்த்துச் சொன்னாள்: "பாத்தீகளா? பச்சப் பிள்ளையையும் சேத்து மயக்கி வச்சிருக்கா."

திருவாடானைப் பக்கமிருந்து மருந்து எடுக்கிற அம்மா ஒருத்தியைக் கூட்டிவந்தார்கள். வெற்றிலை போட்ட வாய், நெற்றி நிறையத் திருநீறு. அண்ணனின் தொப்புளுக்கு மேலே ஒரு குழலை வைத்து வாயால் உறிஞ்சினாள். உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். பச்சையாக ஏதோ உருண்டை. சுற்றி நின்றவர்கள் ஐயோ என்றார்கள். அண்ணன் கண்ணைத் திறந்து, "ஆத்தா, சும்மா இரு. அவ ஒண்ணும் பண்ணல," என்றான். குரலே எழும்பவில்லை. மருந்துதான் அவனை அப்படிப் பேசச் சொல்கிறது என்றார்கள்.

பல வருஷம் கழித்து மலையில் ஒரு டாக்டர் பார்த்து, நேரங்கெட்ட நேரத்தில் தின்று வந்த குடல்புண் என்று சொல்லியிருக்கிறார். லாரி ஓட்டுகிறவர்களுக்கு வருவதுதான்.

ஆத்தா அந்தச் செடிகளை அடுப்பில் போட்டாள். காய்ந்த செடிதானே, நொடியில் பற்றிக்கொண்டது. மதினி அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை. ஆத்தாவை நான் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். இருந்தது ஒரே மகன். அவன் சுருண்டு கிடப்பதைப் பார்த்த பயத்தில் கைக்கு அகப்பட்ட காரணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் பெரியப்பாவைத் துணைக்குப் போட்டு மதினியை ஊருக்கு அனுப்பினார்கள். அண்ணன் எழுந்து உட்காரக்கூட முடியாமல் கிடந்தான். பஸ் வருகிற வரைக்கும் நான் அவள் தகரப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. என் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"கரிசலாங்கண்ணிதான் பாப்பா ரொம்பக் கிட்ட வந்துச்சு. ஆனா அது இல்ல."

அண்ணன் தேறி எழுந்தான். வழக்கம்போலக் கருவாடு ஏற்றினான், கிழங்கு இறக்கினான். வீட்டில் வேறு பெண் பார்த்தார்கள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு நடையும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. ஒருநாள் கிழங்கு லாரி வந்தது, அதை ஓட்டி வந்தது வேறு ஆள். அண்ணன் மலையிலேயே இருந்துகொண்டானாம். மாமனார் காட்டில் கிழங்கு போடுகிறானாம்.

"மருந்து முழுசா எடுபடல," என்றாள் ஆத்தா. சாகிற வரை அப்படித்தான் சொன்னாள். அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று அய்யா உத்தரவு போட்டார்.

அய்யா இறந்ததற்கு வந்தான், ஆத்தா இறந்ததற்கு வந்தான். உதடு வெடித்து, கன்னம் சிவந்து, மலைக்காரனாகவே மாறியிருந்தான். மதினி வரவில்லை. பஸ் ஏறும்போது என்னிடம் மட்டும், "உங்க மதினி உன்னையத்தான் கேக்கும். ஒரு நடை வாத்தா," என்பான். வாரேன் வாரேன் என்பேன். கட்டிக்கொடுத்த வீடு, பிள்ளைகள், படுத்த படுக்கையான மாமியார், மிளகாய்க் காடு. ஒவ்வொரு வருஷமும் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது. மேற்கே மேகம் கட்டி நிற்கிற சாயங்காலங்களில் அது மலை போலத் தெரியும். அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றுவிடுவேன். இன்னும் அங்கே விறகு பொறுக்குகிறாளா, பாவாடையில் எதையாவது ஒட்டிக்கொண்டு வருகிறாளா என்று நினைப்பேன்.

போன ஆடியில் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்போது எனக்குக் காலில் கட்டு, போக முடியவில்லை. கார்த்திகையில்தான் கிளம்பினேன். வத்தலக்குண்டில் பஸ் மாறி மலை ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் கண் எதிலாவது முட்டியது. மரத்தில், பாறையில், மேகத்தில். மணலில் நின்று மதினி சொன்னது அந்த பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது.

மதினி வாசலில் உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. இரண்டு கண்ணிலும் புரை. நான் "மதினி" என்றதும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பாப்பாவா?"

அறுபத்து மூன்று வயதில் என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒருத்தி இருக்கிறாள். நான் அவள் மடியில் தலைவைத்து அழுதேன். அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி மூக்கை உறிஞ்சினாள்.

"கருவாடு கொண்டாந்தியா? வாசம் வருது."

கொண்டுபோயிருந்தேன். அண்ணன் லாரியை விட்ட பிறகு எங்கள் கடலோரத்துக் கருவாடு அவளுக்குக் கிடைக்கவில்லையாம். அன்றைக்குப் பகலில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். அண்ணனைப் பற்றிப் பேசினோம். கடைசி வரை லாரிச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போவானாம்.

வருகிற வழியில் சாலையோரச் சுவர்களில் எல்லாம் வெள்ளையும் ரோஸுமாகச் சின்னப் பூக்கள் தொங்குவதைப் பார்த்திருந்தேன். நடுவில் மஞ்சள், சுற்றிலும் மெல்லிய வெள்ளை. ஒரு கொத்துப் பறித்து வந்து மதினியின் பேத்தியிடம் காட்டினேன். அந்தப் பெண் கைபேசியில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, ஏதோ வெளிநாட்டுப் பெயரைச் சொன்னாள். மதினி அதை வாங்கி விரலால் தடவினாள்.

"இது சுவத்துப் பூவு. வெள்ளைக்காரன் தோட்டத்துல இருந்து தப்பி வந்தது. காம்பு தொவளுது பாரு. நம்மது நிமிந்து நிக்கும்." பூவைத் திருப்பித் தந்துவிட்டுக் கேட்டாள்: "நீ கூடவந்தியப் பாத்ததே இல்லையில்ல?"

"எங்க பாக்க?"

"வா, போவோம்."

மறுநாள் காலை அவள் கையை நான் பிடித்துக்கொண்டு ஏறினேன். வழியை அவள் கால்கள் அறிந்திருந்தன; கண் நான். முன்பு வீட்டுக்குப் பின்னாலேயே இருந்த சோலை இப்போது ஓடைக்கரையில் ஒரு துண்டாக ஒதுங்கிவிட்டது. மற்ற இடமெல்லாம் பட்டைக்காக வரிசையாக நட்ட சீகை மரம். சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகிவிட்டது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பழைய கம்பளியை மோந்தது போல ஒரு வாசம்.

"தடத்தோட ஓரமாப் பாரு. முழங்கால் உசரத்துக்கு."

குனிந்து குனிந்து பார்த்தேன். முட்டி வலித்தது. ஒரு வளைவில், பாசி பிடித்த கல்லுக்குப் பக்கத்தில், இரண்டு மூன்று செடிகள் நிமிர்ந்து நின்றன. பித்தான் அளவில் பூ. மஞ்சள் மொட்டைச் சுற்றி வெள்ளை நெருங்கியிருந்தது. ஒரே ஒரு பூவில் மட்டும் விளிம்பில் லேசாக ஊதா.

மதினியின் கையை எடுத்துச் செடியின்மேல் வைத்தேன். அவள் விரல்கள் இலையின் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயின. காம்புக்கு இறங்கின. அங்கே இரண்டு பக்கமும் ஓடிய பச்சை விளிம்பில் நின்றன.

"இதுதானா மதினி?"

"மாதிரித்தான் இருக்கு."

"என்ன இப்படிச் சொல்றீக? பல்லு இருக்கு, ரெக்கை இருக்கு, ஊதா ஏறியிருக்கு. இதுதான்!"

"பூவை வச்சு முடிவா சொல்லப்பிடாது பாப்பா. இப்பத்தான பூக்கத் தொடங்கியிருக்கு. விதை வரட்டும். ஊதுனா பறக்குதா, இல்ல ஒட்டுதான்னு பாக்கணும்."

அவளுக்குச் சந்தேகம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து தொட்ட செடி. ஆனாலும் அவள் முகத்தில் சிரிப்பே இல்லாமல், கண்டிப்பாகத்தான் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது என் கைபேசி அடித்தது. மகன்.

"எம்மா, நாளைக்கு எந்த பஸ்ஸு? ராமநாதபுரத்துல வந்து நிக்கவா?"

"நாளைக்கு வரலப்பா."

"ஏன், என்னாச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன். இங்கன ஒரு செடி பூத்திருக்கு. அது காய்ச்சு விதை விழுகணும்."

"செடியா? அது எப்பக் காய்க்கும்?"

எனக்குத் தெரியவில்லை. கைபேசியை நெஞ்சில் பொத்திக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, "எப்பக் காய்க்கும்னு கேக்குறான் மதினி," என்றேன்.

மதினி தடவித் தடவி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே சொன்னாள்:

"அவனுக்கு என்ன அவசரமாம்னு கேளு."